கணினிக் கேள்வி–பதில்: அச்சுக்கு வடிவமைத்த பக்கத்தை வேர்டு கோப்பாக மாற்றுவது

இம்முறை இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பலவும் ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்ததால், அவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் மீனவர் சங்கத்தின் வெள்ளிவிழா மலர் 2004ஆம் ஆண்டு பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டது. கோப்பு ஒரு குறுந்தகட்டில் இருக்கிறது. அதிலுள்ள சில கட்டுரைகளைத் திருத்திப் புதிய மலரில் சேர்க்க விரும்புகிறோம். வேர்டில் அந்தக் கோப்பு திறக்கவில்லை. தெரிந்த ஒருவர் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தார். அது முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா? — சங்க உறுப்பினர், தங்கச்சிமடம்

பதில்: கெடவில்லை. நண்பர் எடுத்துக் கொடுத்த அந்த ஆங்கில எழுத்துக் கூட்டம்தான் உங்கள் கட்டுரை, அதை அழித்துவிடாதீர்கள். கோப்பின் வகை ஒரு சிக்கல், எழுத்துருவின் குறியாக்கம், அதாவது எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்னும் ஏற்பாடு, இன்னொரு சிக்கல். இவ்விரண்டையும் ஒரே அடியில் தீர்க்க முயல்பவர்களே பெரும்பாலும் பாதியில் கைவிட்டுவிட்டு, முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்யக் கொடுக்கிறார்கள்.

முதலில் கோப்பைப் பார்ப்போம். பேஜ்மேக்கர் என்பது ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட பக்க வடிவமைப்பு மென்பொருள். 1994இல் ஆல்டஸ் அடோபியின் கைக்குப் போனது. 2001இல் வந்த 7.0 பதிப்புக்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை. அடோபியின் அடுத்த மென்பொருளான இன்டிசைன், சி.எஸ்.6 பதிப்பு வரையில், பேஜ்மேக்கர் 6.0 முதலான கோப்புகளைத் திறந்து கொடுத்தது. அதற்குப் பிறகு வந்த சி.சி. பதிப்புகளில் அந்த வசதி நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, பேஜ்மேக்கரையோ பழைய இன்டிசைனையோ இன்னும் வைத்திருக்கும் அச்சகம் ஒன்றைத் தேடிப் போவதே நேரான வழி. பழைய கணினியைக் கழித்துவிடாமல் ஒரு மூலையில் ஓடவிட்டிருக்கும் டி.டி.பி. (கணினிப் பக்க வடிவமைப்பு) மையங்கள் நம் பக்கத்து ஊர்களில் இன்னும் உண்டு. அங்கே போவதற்கு முன் குறுந்தகட்டிலுள்ள எல்லாவற்றையும் வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றும் ஈரமும் உள்ள ஊரில் இருபது ஆண்டு வயதான குறுந்தகட்டை நான் நம்ப மாட்டேன்.

பேஜ்மேக்கரில் ஒரு கட்டுரைக்குள் எழுத்துக்கருவியை வைத்துச் சொடுக்கி, ‘எக்ஸ்போர்ட்’ கட்டளை வழியாக, பல மென்பொருள்களும் திறக்கக்கூடிய ஆர்.டி.எஃப். என்னும் வகைக் கோப்பாகச் சேமித்தால், ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பத்திகள் எத்தனை பக்கங்களில் பரவிக் கிடந்தாலும் அந்தக் கட்டுரை முழுமையாக வெளியே வரும். படங்களும் கட்டங்களும் உடன் வாரா. அவற்றை எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆர்.டி.எஃப். கோப்பை வேர்டு தடையின்றித் திறக்கும்.

இனி எழுத்துரு. அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தவை. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று நீங்கள் பார்ப்பது, கணினியின் கணக்கில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. பாமினி கணினியில் இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லையென்றால் உங்கள் நண்பர் கொடுத்ததுபோல் தெரியும். எழுத்துருவை நிறுவிக்கொண்டால் வாசிக்கலாம்தான், ஆனால் தேடவோ, கைப்பேசியில் அனுப்பவோ, இன்றைய எழுத்துருக்களில் அச்சிடவோ முடியாது என்பதால், இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இதற்கு உண்டு.

மாற்றியை இயக்குவதற்கு முன், மூலத்தின் குறியாக்கம் எது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டேம், டேப் என்னும் இரண்டு குறியாக்கங்கள் தரமாக அறிவிக்கப்பட்ட பிறகும், பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஒவ்வொரு கடையும் தனக்குப் பழகியதையே தொடர்ந்து பயன்படுத்தியது. உங்கள் கோப்பைப் பேஜ்மேக்கர் திறக்கும்போது, கணினியில் இல்லாத எழுத்துருக்களின் பெயர்களை அதுவே பட்டியலிட்டுக் காட்டும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைப்புக்கு ஒன்று, உள்ளுரைக்கு வேறொன்று என்று இருப்பதும் வழக்கம்.

மாற்றும்போது பலரும் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு உள்ளன. கட்டுரைக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால், மாற்றி அவற்றையும் பாமினி என்று எண்ணிப் புரியாத தமிழாக்கிவிடும். வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்துருவின் பெயரைக் கொண்டே தேடும் வசதி இருப்பதால், ஆங்கில எழுத்துருவில் உள்ள பகுதிகளை முன்கூட்டியே கண்டுபிடித்து, அவற்றின் இடத்தில் 9001, 9002 என்று எண்களை இட்டுவைத்து, மாற்றிய பின் அவற்றைத் திரும்ப வைக்கலாம். எண்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பாமினியில் எண்கள் எண்களாகவே இருக்கும், நட்சத்திரம் போன்ற குறிகளை இட்டால் அவையும் ஏதேனும் தமிழ் எழுத்தாக மாறிவிடக்கூடும். மற்றொன்று, மாற்றுவதற்கு முன் பழைய எழுத்துருவிலேயே திருத்தம் செய்ய உட்காருவது. வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வழக்கம் வேர்டுக்கு உண்டு. பாமினியில் சிறிய ‘கே’ என்பது ‘ம’, பெரிய ‘கே’ என்பது ‘மு’. நீங்கள் ‘மடி’ என்று அடித்தது ‘முடி’ என்று நிற்கும். ஆகையால் மாற்றத்தை முடித்துவிட்டுப் பிறகு திருத்துங்கள்.

கேள்வி: ஆய்வேட்டுக்காக ஒரு தமிழ் அறிக்கையைப் பி.டி.எஃப். வடிவில் பெற்றேன். வேர்டில் நகலெடுத்து ஒட்டினால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கின்றன. சில எழுத்துகள் காணவே இல்லை. இணையத்தில் உள்ள மாற்றிகள் பலவற்றை முயன்றும் இதே நிலைதான். — கல்லூரி மாணவி, தேவிபட்டினம்

பதில்: மாற்றியை மாற்றிப் பயனில்லை, குறை பி.டி.எஃப். கோப்பின் இயல்பிலேயே இருக்கிறது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும் பக்கம் ஒன்றுபோலவே தோன்ற வேண்டும் என்பதற்காக 1993இல் அடோபி வெளியிட்ட வடிவம் அது. இந்த உருவத்தை இந்த இடத்தில் வரை என்பதே அதன் மொழி; பத்தி எது, தலைப்பு எது, அட்டவணை எது என்பவை பெரும்பாலான கோப்புகளில் பதிவாவதே இல்லை. வேர்டு 2013 முதல் பி.டி.எஃப். கோப்பை நேரடியாகத் திறக்கிறது என்றாலும், இடைவெளிகளைப் பார்த்து இது பத்தியாக இருக்கும், இது வரிசையாக இருக்கும் என்று ஊகித்தே அது ஆவணத்தைக் கட்டுகிறது. கருவாட்டை மறுபடி மீனாக்கும் வேலையைத்தான் நாம் அதனிடம் கேட்கிறோம்.

தமிழில் இந்த ஊகம் இன்னும் கடினமாகிறது. ‘கொ’ என்பதை யூனிகோடு முறையில் சேமிக்கும்போது ‘க’ முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் வரும். பக்கத்தில் வரையும்போதோ கொம்பு முதலில், ‘க’ அடுத்து, கால் கடைசியில் என்னும் வரிசை. பி.டி.எஃப். வரைந்த வரிசையை வைத்திருப்பதால், நகலெடுக்கும்போது கொம்பு முன்னே வந்து தனியாக நிற்கிறது. ‘டு’, ‘லு’, ‘கூ’ போல ஒரே உருவமாக வரையப்படும் எழுத்துகளுக்கு, அந்த உருவம் எந்தெந்தக் குறிகளின் சேர்க்கை என்று சொல்லும் அட்டவணை கோப்புக்குள் சரியாக இல்லையென்றால், அவை காணாமலே போகும்.

எனவே எந்தப் பி.டி.எஃப். கையில் வந்தாலும் முதலில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஒழுங்கான தமிழ் வந்தால் உங்களுக்கு நல்ல நேரம். அப்படியே வேர்டில் திறந்து வேலையைத் தொடங்கலாம். ஆங்கிலக் குறிகளாக வந்தால் அது பழைய எழுத்துரு. தங்கச்சிமடம் வாசகருக்குச் சொன்ன வழி உங்களுக்கும் பொருந்தும். எதையுமே தேர்ந்தெடுக்க முடியாவிட்டால் அது ஸ்கேன் செய்த படம். உங்களுடையதுபோல் கொம்பு இடம் மாறியும் எழுத்து உதிர்ந்தும் வந்தால், அதைத் தேடி–மாற்றும் கட்டளையால் செப்பனிட முயலாதீர்கள். இடம் மாறிய கொம்பை நகர்த்தும் கட்டளை, சரியாக உள்ள கொம்பையும் நகர்த்திவிடும், உதிர்ந்த எழுத்தையோ எதனாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

கடைசி இரண்டு நிலைகளுக்கும் மருந்து ஒன்றே: பக்கத்தைப் படமாகக் கொண்டு, படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருளான எழுத்துணரியிடம் (ஓ.சி.ஆர்.) கொடுப்பது. கூகுள் டிரைவில் கோப்பை ஏற்றி, அதைக் கூகுள் டாக்ஸில் திறக்கச் சொன்னால் தமிழைப் படித்துத் தரும். இணையம் இல்லாமல் செய்ய வேண்டுமென்றால் டெசராக்ட் என்னும் திறமூல மென்பொருளிலும் தமிழ் உண்டு. நீங்களே ஸ்கேன் செய்வதானால் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற அளவுக்குக் குறையாமல் செய்யுங்கள். இரண்டு பத்திகளாக அச்சிட்ட பக்கமென்றால் ஒவ்வொரு பத்தியையும் தனியாக வெட்டிக் கொடுப்பது நல்லது; இல்லையேல் இடப்பத்தியின் முதல் வரியும் வலப்பத்தியின் முதல் வரியும் ஒரே வாக்கியமாகிவிடும் வாய்ப்பு உண்டு. எழுத்துணரி ‘ர’வையும் துணைக்காலையும் குழப்பும், புள்ளியை விடும்; ஆகவே ஆய்வேட்டில் மேற்கோளாக எடுக்கும் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டாக வேண்டும்.

மற்றொன்று: இப்படி வரும் கோப்பில் ஒவ்வொரு வரியும் தனிப்பத்தியாக முடிந்திருக்கும். கன்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பத்தி முடிவுக்குறிகள் கண்ணுக்குத் தெரியும். அடுத்தடுத்து இரண்டு குறிகள் உள்ள இடங்களை முதலில் 777777 போன்ற ஓர் அடையாளமாக மாற்றி, எஞ்சிய ஒற்றைக் குறிகளை இடைவெளியாக மாற்றி, பிறகு அடையாளத்தைப் பத்தி முடிவாகத் திருப்பினால், கையால் செய்யும் பெரும்பாடு குறையும்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் வீட்டில் உள்ள ஒரு மவ்லிது (புகழ்ப்பாடல்) தொகுப்பில் அரபு மூலமும் தமிழ் உரையும், அரபு எழுத்தில் தமிழை எழுதிய சில அரபுத்தமிழ் வரிகளும் இருக்கின்றன. அதன் பி.டி.எஃப். கோப்பை வேர்டாக மாற்றியபோது தமிழ் ஓரளவு வந்தது. அரபு வரிகள் பின்னிருந்து முன்னாகவும், எழுத்துகள் பிரிந்தும் வந்திருக்கின்றன. — வாசகர், கீழக்கரை

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். அரபு எழுத்து சொல்லின் தொடக்கம், நடு, இறுதி என்ற இடத்துக்கேற்ப உருவம் மாறுவது. வரியோ வலமிருந்து இடமாக ஓடுவது. பி.டி.எஃப். இவ்விரண்டையும் கவனியாமல் உருவங்களை மட்டும் வைத்திருப்பதால், மாற்றும்போது நீங்கள் கண்டதுபோலவே நிகழ்கிறது. இதில் நான் உறுதியாகச் சொல்வது, ஓத வேண்டிய மூலத்தை எந்த மாற்றியையும் நம்பி அச்சுக்குக் கொடுக்காதீர்கள் என்பதே. ஒரு புள்ளி நகர்ந்தால் எழுத்தே வேறாகிவிடும் மொழி அது.

தமிழ் உரையை மேலே சொன்னபடி தனியாக எடுத்துத் திருத்துங்கள். அரபு வரிகளைத் திருத்தப் போவதில்லையென்றால், மூலப் பக்கத்திலிருந்து தெளிவான படமாக வெட்டி வேர்டில் உரிய இடத்தில் வைப்பதே போதும். திருத்த வேண்டுமென்றால், வேர்டின் மொழி அமைப்பில் அரபைச் சேர்த்துக்கொண்டால் வலமிருந்து இடமாகப் பத்தியை அமைக்கும் பொத்தான் தோன்றும். அரபு வரியைத் தனிப்பத்தியாக வைத்து, அறிந்த ஒருவரைக் கொண்டு தட்டச்சு செய்யுங்கள். ஒரே வரியில் தமிழும் அரபும் அடைப்புக்குறியும் கலந்தால் குறிகள் இடம் மாறும்.

அரபுத்தமிழ் வரிகளுக்கு ஒரு கூடுதல் கவனம் தேவை. அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகக் கூடுதல் புள்ளிகளிட்டு அமைத்த எழுத்துகள் அதில் உண்டு. அவை எல்லா அரபு எழுத்துருவிலும் இரா. கீழக்கரையும் காயல்பட்டினமும் பேணி வளர்த்த இந்த எழுத்துமுறையை ஓர் எழுத்துருவின் குறைபாட்டுக்காகச் சாதாரண அரபு எழுத்தாக மாற்றி அச்சிடுவது எனக்கு உடன்பாடில்லை. அவ்வரிகளைப் படமாகவே வைத்து, கீழே தமிழ் எழுத்தில் கொடுத்துவிடலாம்.

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையில் உள்ள வரவு–செலவு அட்டவணைகள் வேர்டில் வரும்போது கோடுகள் ஒரு பக்கம், எண்கள் ஒரு பக்கமாகச் சிதறுகின்றன. உறுப்பினர் பட்டியலையும் இப்படியே மாற்ற வேண்டும். — சங்க எழுத்தர், மண்டபம்

பதில்: பழைய வடிவமைப்பாளர்கள் பலர் எண்களை டேப் விசையால் நிறுத்தி, கோடுகளைத் தனியே வரைந்து வைப்பார்கள்; கண்ணுக்கு அது அட்டவணை, கணினிக்கு அது சில வரிகளும் சில கோடுகளும்தான். கோடுகளை முழுவதும் நீக்கிவிடுங்கள். எண்களும் டேப் இடைவெளிகளும் மட்டும் மிஞ்சும்போது அப்பகுதியைத் தேர்ந்தெடுத்து, ‘டெக்ஸ்ட்டை டேபிளாக மாற்று’ என்னும் வேர்டு கட்டளையைக் கொடுத்தால் உண்மையான அட்டவணை கிடைக்கும். பிறகு அதை எக்ஸெலில் ஒட்டி, ஒவ்வொரு நெடுவரிசையையும் கூட்டி, அச்சிட்ட அறிக்கையில் உள்ள கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். தணிக்கை முடிந்த கணக்கில் ஓர் இலக்கம் மாறினாலும் பொதுக்குழுவில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

உறுப்பினர் பட்டியலைப் பொறுத்தவரை, ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ள கோப்பை எந்த இலவச இணைய மாற்றியிலும் ஏற்றக் கூடாது. மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு உதவும் அதே விவரங்கள்தான் ஏமாற்றுக்காரர்களுக்கும் வேண்டியவை. உங்கள் கணினியிலேயே உள்ள வேர்டையோ இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸையோ பயன்படுத்துங்கள்.

கேள்வி: கோயில் திருவிழா அழைப்பிதழில் தேதியும் சில பெயர்களும் மட்டும் மாற வேண்டும். சென்ற ஆண்டின் வண்ண அழைப்பிதழ் பி.டி.எஃப். ஆக இருக்கிறது. வேர்டுக்கு மாற்றுவது எப்படி? — பங்கு இளைஞர், பாம்பன்

பதில்: மாற்றாதீர்கள். அழைப்பிதழில் வடிவமே முதன்மை. வேர்டு அதைக் குலைத்துவிடும். சென்ற ஆண்டு வடிவமைத்தவரிடம் மூலக்கோப்பு இருக்கும். மாற வேண்டிய வரிகளை மட்டும் எழுதி அனுப்பினால் சிறிது நேரத்தில் முடிந்துவிடும்.

கேள்வி: பள்ளி ஆண்டு மலரை மைக்ரோசாப்ட் பப்ளிஷரில் செய்துவருகிறோம். அந்த மென்பொருளையே நிறுத்தப் போவதாகக் கேள்விப்பட்டோம். — ஆசிரியை, தொண்டி

பதில்: உண்மை. பப்ளிஷருக்கான ஆதரவு 2026 அக்டோபரோடு முடிகிறது என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. பழைய மலர்கள் ஒவ்வொன்றையும் பி.டி.எஃப். ஆகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டிய கட்டுரைகளைப் பப்ளிஷர் திறக்கும்போதே நகலெடுத்து, வடிவம் ஏதுமின்றி எழுத்தை மட்டும் வேர்டில் ஒட்டிச் சேமியுங்கள், பி.டி.எஃப். வழியாகச் சுற்றிப் போவதைவிட, மேலே சொன்ன காரணங்களால், தமிழுக்கு இதுவே பாதுகாப்பானது. லிப்ரே ஆபீஸின் டிரா பகுதியும் பப்ளிஷர் கோப்பைத் திறக்கும், ஆனால் வடிவம் முன்பின்னாக இருக்கும்.

கேள்வி: டி.டி.பி. மையம் நடத்துகிறேன். இன்டிசைனில் செய்த புத்தகத்தை வேர்டிலும் தரும்படி எழுத்தாளர்கள் கேட்கிறார்கள். பி.டி.எஃப். ஆக்கி, அதை வேர்டாக மாற்றிக் கொடுத்தால், தொட்டால் எல்லாம் நகர்கிறது என்று குறை சொல்கிறார்கள். என்ன செய்யலாம்? — வாசகர், இராமநாதபுரம்

பதில்: அவர்கள் சொல்வது நியாயம்தான். பக்கம் அப்படியே தெரிய வேண்டும் என்பதற்காக மாற்றி ஒவ்வொரு பகுதியையும் டெக்ஸ்ட் பாக்ஸில் அடைத்துவிடுகிறது. ஒரு சொல்லைக் கூட்டினால் பெட்டி வழிகிறது, அடுத்த பெட்டிக்கு எழுத்து போவதில்லை. வாங்கும்போது பார்வைக்கு அழகாக இருக்கும், திருத்த உட்கார்ந்த பிறகுதான் தொல்லை தெரியும். ஆகவே வேலையை ஏற்கும்போதே, பார்க்க வேண்டுமா, திருத்த வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். பார்க்க மட்டும் என்றால் பி.டி.எஃப். போதும். திருத்த வேண்டும் என்றால் பி.டி.எஃப். பக்கமே போகாமல், இன்டிசைனில் மேட்டருக்குள் எழுத்துக்கருவியை வைத்து ஆர்.டி.எஃப். ஆக எக்ஸ்போர்ட் செய்து கொடுங்கள். தலைப்பு, உள்தலைப்பு, மேற்கோள் ஆகியவற்றுக்குப் பத்திப் பாணிகளை (பாராகிராஃப் ஸ்டைல்) வைத்திருந்தால், அவை வேர்டிலும் பாணிகளாகவே போய்ச் சேரும்.

இது எளிதாக நடப்பதும் நடக்காததும் புத்தகத்தை நீங்கள் கட்டிய முறையைப் பொறுத்தது. பக்கத்துக்குப் பக்கம் தனிப்பெட்டி போட்டு மேட்டரை வெட்டி ஒட்டியிருந்தால், இருநூறு பக்கத்துக்கு இருநூறு துண்டுகள் வெளியே வரும். எல்லாத் துண்டுகளையும் ஒரே தடவையில் வெளியே எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று இன்டிசைனோடு சேர்ந்தே வருகிறது என்றாலும், அவை வாசிக்கும் வரிசையில் வரும் என்பதற்கு உறுதியில்லை. முதலிலிருந்தே பெட்டிகளை இணைத்துக் கட்டுங்கள். வரி அழகாக முடிய வேண்டும் என்பதற்காக நடுவில் ஷிப்ட்–என்டர் போடுவதையும், சொல்லைக் கையால் வெட்டி இடைக்கோடு இடுவதையும் விட்டுவிடுங்கள்; வேர்டில் வரியின் நீளம் மாறியவுடன் அவையெல்லாம் வாக்கியத்தின் நடுவே பிழைகளாகத் தலைநீட்டும்.

எழுத்தாளர், ‘என்னிடம் முதலில் கொடுத்த வேர்டு கோப்பே இருக்கிறது, அதையே வைத்துக்கொள்கிறேன்’ என்று சொன்னாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள். புரூஃப் பார்த்துச் செய்த திருத்தங்கள் எல்லாம் உங்கள் இன்டிசைன் கோப்பில் மட்டுமே இருக்கின்றன. அடுத்த பதிப்பில் பழைய பிழைகள் அத்தனையும் உயிர்த்தெழுவதற்கு இதுவே காரணம். நீங்கள் எடுத்த ஆர்.டி.எஃப். கோப்பையும் அவருடைய மூலத்தையும் வேர்டின் ‘கம்பேர்’ கட்டளையில் கொடுத்தால், மாறிய சொற்கள் மட்டும் வண்ணமிட்டுக் காட்டப்படும்; அவர் பார்த்து ஏற்றுக்கொண்டால், அவருடைய கோப்பே புதிய மூலமாகிவிடும். மூலம் பாமினியிலும் நீங்கள் செய்தது யூனிகோடிலும் இருந்தால், இரண்டையும் ஒரே குறியாக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட முடியும்.

கூலியைப் பக்கக் கணக்கில் சொல்லாதீர்கள். கவிதைப் புத்தகத்தின் ஒரு பக்கமும், அடிக்குறிப்பும் அட்டவணையும் நிறைந்த ஆய்வு நூலின் ஒரு பக்கமும் ஒரே உழைப்பல்ல. ஓர் அத்தியாயத்தை மாற்றிப் பார்த்துவிட்டு, அதற்கு ஆன நேரத்தைக் கொண்டு முழு நூலுக்கும் மதிப்பிட்டுச் சொல்லுங்கள். பிழைதிருத்தம் உங்கள் பொறுப்பா, எழுத்தாளர் பொறுப்பா என்பதையும் பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.